புது வீட்டுச் சுவரில் டச் ஸ்கிரீன்: பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

ஹால் சுவரில் ஒரு 8 அல்லது 10 அங்குலத் திரை. தொட்டால் விளக்கு எரியும், ஃபேன் வேகம் குறையும், ஏசி ஆன் ஆகும், வாசலில் பெல் அடிப்பவர் யாரென்று தெரியும். இன்டீரியர் ரீல்ஸ் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் இது ஒண்ணு வேணும்" என்று முடிவு செய்யும் இளம் தம்பதிகள் இப்போது அதிகம்.

பிரச்சினை எங்கே வருகிறது தெரியுமா? கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இந்த ஆசையே வருகிறது. அதற்குள் சுவருக்கு பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்து முடித்திருப்பார்கள். திரைக்கு வயர் கொண்டுபோக வழியில்லை. ஒன்று புதுச் சுவரை உடைக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் வெள்ளை வயர் தொங்க வேண்டும்.

திரையை வாங்குவதுதான் இந்த வேலையில் கடைசிக் கட்டம். அதற்கான பைப்பும் பாக்ஸும் செங்கல் கட்டு முடிந்த உடனேயே வர வேண்டும். வீடு கட்டுபவர்களும், ஃபிளாட் புக் செய்துவிட்டுக் காத்திருப்பவர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

முதலில், எந்த வகைத் திரை?

சுவரில் மாட்டும் ஸ்மார்ட் திரைகள் பொதுவாக மூன்று வகை.

முதல் வகை, சுவிட்ச் போர்டுக்குப் பதிலாகவே உட்காரும் பேனல். இதற்குள்ளேயே ரிலே இருக்கும். 230 வோல்ட் மின்சாரம் நேராக இதற்குள் வந்து, இங்கிருந்தே விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும். திரை பழுதானால் அந்த அறையின் விளக்கும் சேர்ந்து முடங்கும் அபாயம் இதில் உண்டு.

இரண்டாவது வகை, வெறும் கட்டுப்பாட்டுத் திரை. அமேசானின் எக்கோ ஹப் இதற்கு ஓர் உதாரணம். இதில் குறைந்த வோல்ட் மின்சாரம் மட்டும் வரும். விளக்கை உண்மையில் ஆன், ஆஃப் செய்வது சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறிய ரிலே மாட்யூல். திரை அதற்குக் கட்டளை மட்டுமே அனுப்பும். திரை செத்துப்போனாலும் சுவிட்ச் வேலை செய்யும்.

மூன்றாவது வகை, சாதாரண டேப்லெட்டை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவது. செலவு குறைவு. ஆனால் இதற்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கீழே பார்ப்போம்.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இரண்டாவது வகைதான் பாதுகாப்பான தேர்வு. காரணம் எளிது. திரை என்பது எலெக்ட்ரானிக் பொருள். சில ஆண்டுகளில் அப்டேட் நிற்கும், வேகம் குறையும், மாற்ற வேண்டி வரும். சுவருக்குள் போகும் வயரிங் பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். ரெண்டையும் பிரித்து வைத்தால், திரையை மாற்றும்போது வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

எந்தக் கட்டத்தில் என்ன சொல்ல வேண்டும்?

தளம் கான்கிரீட் போடுவதற்கு முன், கம்பி கட்டிய நிலையிலேயே எலக்ட்ரீஷியன் கூரையில் பைப் பதித்துவிடுவார். ரவுட்டர் வைக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு திரைக்கும் ஒரு தனி பைப் வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். மாடி வீடு என்றால், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஒரு காலி பைப் போட்டு வைப்பது பின்னால் பல வகையில் கைகொடுக்கும்.

அடுத்து, செங்கல் கட்டு முடிந்ததும் சுவரில் காடி வெட்டி பைப்பையும் பாக்ஸையும் பதிப்பார்கள். திரை எங்கே, எந்த உயரத்தில், எந்த அளவு பாக்ஸ் என்பதெல்லாம் இந்த நாளுக்குள் முடிவாகிவிட வேண்டும். சுவரில் சாக்பீஸால் குறித்துக் காட்டிவிடுவது நல்லது. பைப் மூடப்படுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் டிரில் போடும்போதும் அந்தப் படம் உங்கள் வயரைக் காப்பாற்றும்.

பைப் விஷயத்தில் மூன்று குறிப்புகள்:

• குறைந்தது 25 மிமீ பைப் கேளுங்கள். ஒல்லியான பைப்பில் நெட்வொர்க் கேபிளை இழுப்பது கஷ்டம். முனையில் பிளக் இருந்தால் இன்னும் கஷ்டம்.

• திருப்பங்களில் கூர்மையான எல்போ வேண்டாம். நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள்.

• மின் வயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது. இடையூறு மட்டுமல்ல, இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் டேட்டா கேபிளுக்குள் பாயும் ஆபத்தும் இருக்கிறது.

"நியூட்ரல் இருக்கா?": கேட்க வேண்டிய முதல் கேள்வி

நம்மூர் வயரிங்கில் சுவிட்ச் பாக்ஸுக்குள் பேஸ் வயர் கட்டாயம் வரும். நியூட்ரல் வரும் என்று சொல்ல முடியாது. விளக்குக்கான நியூட்ரல் பெரும்பாலும் நேராகக் கூரைக்குப் போய்விடும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இல்லாமல் இருக்கலாம்.

பழைய சுவிட்சுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அது வெறுமனே பேஸை இணைக்கும், துண்டிக்கும். ஆனால் ஸ்மார்ட் ரிலே மாட்யூல் என்பது எப்போதும் விழித்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் மாட்யூல்களும் சந்தையில் உண்டு. ஆனால் அவற்றில் குறைந்த வாட் எல்இடி விளக்குகள் மினுக்குவது அடிக்கடி வரும் புகார்.

எனவே எலக்ட்ரீஷியனிடம் ஒரே வரி: "எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் இழுத்துடுங்க." வயர் இழுக்கும் நேரத்தில் இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறியது. பிறகு செய்தால் பெரியது. ஸ்மார்ட் வீடு இப்போது வேண்டாம் என்று நினைப்பவர்கள்கூட இதை மட்டும் செய்து வைக்கலாம்.

பாக்ஸின் ஆழத்தையும் கவனியுங்கள். சுவிட்ச், வயர்கள், அதற்குப் பின்னால் மாட்யூல் என எல்லாம் உள்ளே போக வேண்டும். நெருக்கி அடைத்தால் சூடாகும். ஆழமான பாக்ஸ் கேட்டு வாங்குங்கள்.

திரைக்கு மின்சாரம் எப்படி?

இரண்டு வழிகள். ஒன்று, திரைக்குப் பின்னால் பாக்ஸுக்குள்ளேயே ஒரு சிறிய அடாப்டர். இதில் அடாப்டர் பழுதானால் திரையைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். அடாப்டரில் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

இன்னொன்று, பிஓஇ. அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் இணையமும் சேர்ந்து வருவது. 2003-ல் வந்த 802.3ஏஎஃப் என்ற தரநிலைப்படி, ஒரு கேபிள் வழியாகக் கருவிக்கு 12.95 வாட் வரை கிடைக்கும். பல 8 அங்குலத் திரைகளுக்கு இது போதும். வாங்கும் திரை எத்தனை வாட் கேட்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஓஇ-யின் பெரிய லாபம், சுவருக்குள் அடாப்டரே தேவையில்லை என்பது. எல்லாத் திரைகளுக்கும் மின்சாரம் ஒரே இடத்தில் இருக்கும் பிஓஇ ஸ்விட்சிலிருந்து போகிறது. அந்த ஒன்றை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்தால், கரண்ட் போனாலும் வீட்டில் உள்ள எல்லாத் திரைகளும் உயிரோடு இருக்கும்.

கேபிள் வாங்கும்போது முழுக்க செம்புக் கம்பியால் ஆன கேட் 6 என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசிய ‘சிசிஏ’ கேபிள்கள் விலை குறைவாகக் கிடைக்கும். மின்சாரமும் சேர்ந்து போகும்போது அவை அதிகம் சூடாகும். சுவருக்குள் போகும் பொருளில் இந்த மிச்சம் வேண்டாம்.

கசின் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தால்?

"அங்க சீப்பா கிடைச்சுது" என்று வரும் பொருளில்தான் அதிகம் ஏமாற்றம். அமெரிக்கச் சுவர் பேனல்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. நம்மூர் 230 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும். இசட்-வேவ் வயர்லெஸ் கருவிகளுக்கு அலைவரிசையும் வேறு. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ். ரெண்டும் ஒன்றோடொன்று பேசாது.

சீனாவிலிருந்து வரும் பேனல்கள் பெரும்பாலும் ‘86 டைப்’ எனப்படும் 86 மிமீ சதுர பாக்ஸுக்கானவை. நம்மூர் மாடுலர் பாக்ஸ்களின் அளவும் ஸ்க்ரூ துளை இடைவெளியும் வேறு. திரையின் மாடலை முடிவு செய்து, அதன் கட்அவுட் அளவை அச்செடுத்து எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இருக்காது. மாடல் முடிவாகவில்லையா? பைப்பை இழுத்து, ஒரு சாதாரண மாடுலர் பாக்ஸ் வைத்து, மூடி போட்டு விடுங்கள். பாக்ஸுக்கு மேலேயே உட்காரும் திரைகளும் கிடைக்கின்றன.

எங்கே, எந்த உயரத்தில்?

நிற்பவர் பார்ப்பதற்கு, திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் நாலே முக்கால் அடியில் இருந்தால் வசதி. ஆனால் வீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் இருந்தால் 4 அடிக்கு மேல் போகக் கூடாது.

தவிர்க்க வேண்டிய இடங்கள்:

• பாத்ரூமின் பின்பக்கச் சுவர். ஓதம் ஏறினால் முதல் பலி திரைதான்.

• சாயங்கால வெயில் நேரடியாக விழும் இடம். திரையும் தெரியாது, சூடும் ஏறும்.

• அடுப்புக்குப் பக்கம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் டச் சரியாக வேலை செய்யாது.

• படுக்கைத் தலைமாட்டு. இரவு முழுக்க வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

• வாசல் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர். வெளியே நிற்பவருக்கு உங்கள் கேமரா காட்சியும் ‘ஆள் இல்லை’ என்ற நிலையும் தெரியும்.

எத்தனை திரை வேண்டும்? பெரும்பாலான வீடுகளுக்கு ஹாலில் ஒன்றே போதும். மாடிக்கு இன்னொன்று. எல்லா அறையிலும் பைப் மட்டும் போட்டு வைத்து, ஒரு வருடம் வாழ்ந்து பார்த்துவிட்டுத் தேவையான இடத்தில் மாட்டுவது புத்திசாலித்தனம்.

டேப்லெட்டையே மாட்டினால் என்ன?

மாட்டலாம். ஆனால் டேப்லெட் என்பது கையில் வைத்து, சார்ஜ் இறங்கி ஏறிப் பயன்படுத்தும் கருவி. 24 மணி நேரமும் சார்ஜரிலேயே இருந்தால் லித்தியம் பேட்டரி உப்பத் தொடங்கலாம். ஐபேட் போன்றவற்றுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான். மே மாதம் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத ஹாலில் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதையும் மூடிய ஃபிரேமுக்குள் அடைத்தால் ஆபத்து இன்னும் கூடும்.

டேப்லெட்தான் என்று முடிவு செய்தால் மூன்று முன்னெச்சரிக்கைகள்: 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் வசதி உள்ள மாடல், காற்றுப் போகும் ஃபிரேம், கருவியில்லாமலே கழற்றும்படியான மவுன்ட். முன்பக்கக் கண்ணாடி மேலெழும்புவது தெரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். மேலும், ஒரே படம் நாள் முழுக்க ஓடும் என்பதால் ஓஎல்இடி திரையில் கறை போல் பிம்பம் தங்கிவிடும். எல்சிடி திரை போதும்.

ஃபேன், கீசர், ஏசி: இங்கேதான் தவறு நடக்கும்

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டப்படாத ஒன்று நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர். சாதாரண ஸ்மார்ட் ரிலே ஃபேனை ஆன், ஆஃப் மட்டுமே செய்யும். வேகம் மாற்ற, ஃபேனுக்கென்றே வரும் மாட்யூல் வேண்டும். விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்குப் போடக் கூடாது. பிஎல்டிசி ஃபேன் என்றால் பழைய ரெகுலேட்டரே கூடாது. அதற்கு நேரடி மின்சாரம் கொடுத்து, ரிமோட் அல்லது வைஃபை வழியாகத்தான் வேகத்தை மாற்ற வேண்டும்.

கீசர் 2,000 முதல் 3,000 வாட் வரை இழுக்கும். அதாவது 9 முதல் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் மாட்யூலை இதில் போட்டால் உருகும். கீசருக்கு 16 ஆம்பியருக்கு மேல் தாங்கும் மாட்யூல் தனியாக வேண்டும். ஏசியைப் பொறுத்தவரை, மின் இணைப்பைத் துண்டித்து ஆஃப் செய்வதைவிட, ரிமோட்டைப் போலவே சிக்னல் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் நல்லது.

இவை எல்லாவற்றையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். டிபி பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். யூடியூப் பார்த்து நாமே செய்துவிடலாம் என்ற எண்ணம் 230 வோல்ட்டில் வேண்டாம்.

கரண்ட் போனால்? நெட் போனால்?

கரண்ட் போகும்போது விளக்கு இன்வெர்ட்டரில் எரியும். ஆனால் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லையென்றால் திரை வெறும் கண்ணாடி. ஃபைபர் மோடம், ரவுட்டர், ஸ்மார்ட் ஹப், பிஓஇ ஸ்விட்ச் நான்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இதையும் வயரிங் நேரத்திலேயே சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கரண்ட் திரும்பி வந்ததும் சில ஸ்மார்ட் விளக்குகள் முழு வெளிச்சத்தில் தானாக எரியும். நள்ளிரவு ரெண்டு மணிக்கு வீடே பளிச்சென்று ஆகும். செட்டிங்ஸில் ‘மின்சாரம் வந்ததும் பழைய நிலை’ என்று மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

இணையம் போனால் என்ன ஆகும் என்பது, கட்டளை எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. சில கருவிகளில் ஹாலில் தொடும் கட்டளை வெளிநாட்டு சர்வர் வரை போய்த் திரும்பி வந்து விளக்கைப் போடும். வேறு சிலவற்றில் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். கடையில் டெமோ காட்டும்போது, "நெட் வயரைக் கழட்டிட்டு லைட் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

கம்பெனியே மூடிவிட்டால்?

இது கற்பனை இல்லை. 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹப், 2016 மே மாதம் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களின் ஹப் அன்றோடு செயலிழந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. செயலி வேலை செய்யவில்லை. ஆனால் சுவர் சுவிட்சுகள் கையால் அழுத்தினால் இயங்கின. பிறகு வாடிக்கையாளர்களில் ஒரு குழுவே அதை வாங்கி மீண்டும் இயக்கியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரே கம்பெனியின் சர்வரை நம்பி முழு வீட்டையும் கட்டக் கூடாது. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலை, பல கம்பெனிக் கருவிகளை வீட்டு நெட்வொர்க்கிலேயே ஒன்றாகப் பேச வைக்கிறது. மேட்டர் முத்திரை உள்ள கருவி என்றால், திரையின் பிராண்டை மாற்றினாலும் விளக்கை மாற்ற வேண்டியிருக்காது. கொஞ்சம் டெக்னிக்கல் ஆர்வம் உள்ளவர்கள் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வீட்டிலேயே ஒரு சிறிய கம்ப்யூட்டரில் ஓட்டலாம். அதன் பக்கத்தை எந்தத் திரையின் பிரவுசரிலும் காட்டலாம்.

அட்மின் பாஸ்வேர்டு யார் கையில்?

பல புது அபார்ட்மென்ட்களில் ஸ்மார்ட் பேனலை பில்டரே மாட்டிக் கொடுக்கிறார். அதை செட்டப் செய்தவரின் ஃபோன் நம்பரிலோ மெயிலிலோ அட்மின் அக்கவுண்ட் இருந்தால், நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா இல்லையா என்பது அவருக்கும் தெரிய வாய்ப்பு உண்டு. கேமராவும் பூட்டும் இணைந்திருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். சாவி வாங்கும் நாளில் இதையும் வாங்குங்கள்: முழு ரீசெட், உங்கள் பெயரில் புது அக்கவுண்ட், இரட்டைச் சரிபார்ப்பு. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

குடும்பத்துக்குள்ளும் இது முக்கியம். அட்மின் உரிமை ஒருவர் கையில் மட்டும் இருந்தால், மற்றவர் எப்போது வந்தார், போனார், எந்த அறையில் விளக்கு எரிந்தது என்பதெல்லாம் அவர் கண்காணிக்கக்கூடிய தகவலாகிவிடும். வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் சம உரிமை கொடுத்து வைப்பதே சரி.

மைக், கேமரா உள்ள திரைகளில் அவற்றை மூடும் நிஜமான பொத்தானோ ஷட்டரோ இருக்க வேண்டும். செட்டிங்ஸை மட்டும் நம்ப முடியாது. வாங்கிய பிறகும் அது மாறலாம். சில எக்கோ கருவிகளில் இருந்த, குரல் பதிவைக் கிளவுடுக்கு அனுப்பாமல் இருக்கும் வசதியை அமேசான் 2025 மார்ச் 28-ல் நிறுத்தியது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஆகவே வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் "இங்க மைக் இருக்கு" என்று சொல்ல அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அம்மாவுக்கு சுவிட்ச் வேண்டும்

"லைட் போடணும்னா இனிமே இதத் தடவணுமா?" என்ற கேள்வி வராத வீடு இல்லை. பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் வழவழப்பான கண்ணாடியில் சரியான ஐகானைத் தொடுவது சிரமம். ஈரக் கையோடு தொட்டாலும் திரை கேட்காது. இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க சுவிட்ச்தான் உதவும்.

அதனால் எல்லா அறையிலும் வழக்கமான சுவிட்ச் அதே இடத்தில் இருக்கட்டும். மாட்யூல் பின்னால் இருந்தால், சுவிட்சும் வேலை செய்யும், திரையும் வேலை செய்யும். திரையில் ‘தூங்கப் போறோம்’, ‘வெளிய போறோம்’ என நாலைந்து பெரிய பொத்தான்கள் தமிழில் இருந்தால், தாத்தா பாட்டியும் தாமாகவே பயன்படுத்தத் தொடங்குவார்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

பயப்பட வேண்டாம். 5 வாட் இழுக்கும் ஒரு திரை நாள் முழுக்க ஓடினால், நம்முடைய இரண்டு மாத பில்லில் சுமார் 7 யூனிட். மூன்று திரை என்றால் 22 யூனிட்டுக்குள். ஆள் இல்லாதபோது திரை அணையும்படி வைத்தால் இதுவும் குறையும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க

எலக்ட்ரீஷியனிடம்: எல்லா பாக்ஸிலும் நியூட்ரல், ஆழமான பாக்ஸ், திரைக்குத் தனி 25 மிமீ பைப், செம்பு கேட் 6, ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் லைன்.

விற்பவரிடம்: நெட் இல்லாமல் வேலை செய்யுமா? மேட்டர் உண்டா? எத்தனை வருடம் அப்டேட்? மாதச் சந்தா உண்டா? திரை பழுதானால் சுவிட்ச் வேலை செய்யுமா? உள்ளூரில் சர்வீஸ் யார்?

பில்டரிடம்: அட்மின் அக்கவுண்ட், வயரிங் வரைபடம், மாட்யூல்களின் மாடல் பட்டியல், வாரன்டி கார்டு.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் திரையைத் தள்ளிப்போடலாம், அடுத்த தீபாவளி ஆஃபரில்கூட வாங்கிக்கொள்ளலாம். பைப்பையும் நியூட்ரலையும் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.